எழுதினால் முதலிடம், பாடினால் 46-ஆம் இடம்: கிறிஸ் ஸ்டேபிள்டன் – ஒரு நிகழ்வு ஆய்வு

2013-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், கிறிஸ் ஸ்டேபிள்டன் எழுதிய இரண்டு பாடல்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அமெரிக்காவின் கன்ட்ரி ரேடியோவுக்கு, அதாவது அந்நாட்டின் கிராமிய வேர் கொண்ட இசையைப் போடும் நிலையங்களுக்கு, வந்தன. ஒன்று 'டிரிங்க் எ பியர்'. ஜிம் பீவர்ஸோடு சேர்ந்து எழுதியது, லூக் பிரையன் பாடியது. சில வாரங்களிலேயே ஏறி, 2014 தொடக்கத்தில் பில்போர்ட் இதழின் கன்ட்ரி ஏர்ப்ளே பட்டியலில், அதாவது ரேடியோவில் அதிகம் ஓடும் பாட்டுகளின் வரிசையில், முதலிடத்துக்கு வந்துவிட்டது. இன்னொன்று 'வாட் ஆர் யூ லிசனிங் டு'. இதை ஸ்டேபிள்டனே பாடினார். அவரைப் பாடகராக அறிமுகப்படுத்த மெர்க்குரி நாஷ்வில் நிறுவனம் வெளியிட்ட முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக ரேடியோவுக்கு அனுப்புவது) இதுதான். 46-ஆம் இடம் வரை போய், அப்படியே இறங்கிவிட்டது. அதையொட்டிப் பதிவு செய்து வைத்திருந்த ஆல்பமும் வெளியே வரவில்லை.

இரண்டிலும் எழுதிய கை அவருடையது, ஒலிபரப்பியதும் அதே நிலையங்கள்தான். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அதே ஆள் ஒரே இரவில் மூன்று பெரிய விருதுகளோடு மேடையிலிருந்து இறங்கினார். இடையில் என்ன நடந்தது? "டிவியில் எட்டு நிமிடம் பாடினார், உலகம் திரும்பிப் பார்த்தது" என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். எனக்கு அது பாதிக் கதையாகக்கூடப் படவில்லை.

நாஷ்வில்லில் பாட்டு எழுதிப் பிழைப்பது

ஸ்டேபிள்டன் 1978-இல் கென்டக்கியின் லெக்ஸிங்டனில் பிறந்தார். வளர்ந்தது அதே மாநிலத்தின் கிழக்கே, ஸ்டாஃபர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய பகுதி அது. அப்பா சுரங்கப் பொறியாளர். பையனும் நன்றாகப் படித்தான், பள்ளியில் முதல் மாணவன். 1996-இல் பொறியியல் படிக்க, கன்ட்ரி இசைத் துறையின் மையமான நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். பாட்டு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு, 2001-இல் மறுபடி நாஷ்வில் போனார். போன நான்காவது நாளே சீ கேல் மியூசிக் என்ற பப்ளிஷிங் நிறுவனத்தில், அதாவது பாடல்களின் உரிமையைக் கையாளும் நிறுவனத்தில், வேலை கிடைத்தது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நாஷ்வில்லில் பாடல் எழுதுகிறவர் வரியையும் மெட்டையும் சேர்த்தே எழுதுகிறார். மியூசிக் ரோ என்று அழைக்கப்படும் தெருக்களில் பப்ளிஷிங் நிறுவனங்கள் பழைய வீடுகளை அலுவலகமாக மாற்றி வைத்திருக்கின்றன. காலையில் இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் கிடாரோடு உட்கார்வார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டு முடிந்திருக்கும். இதற்குப் பெயர் கோ-ரைட். நிறுவனம் மாதாமாதம் பணம் தரும், ஆனால் அது சம்பளம் கிடையாது. பின்னால் வரப்போகும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம், அதை டிரா என்பார்கள். எழுதிய பாட்டுக்கு ஒரு டெமோ (மாதிரிப் பதிவு) செய்து பாடகர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார்கள். பிடித்திருந்தால் 'ஹோல்ட்' போட்டு வைப்பார்கள், அதாவது வேறு யாருக்கும் கொடுக்காதே என்று வாய்வார்த்தையாக ஒரு முன்பதிவு. கடைசியில் உண்மையாகவே பதிவு செய்தால் அது 'கட்'. ஹோல்டில் ஒரு வருஷம் கிடந்து கட் ஆகாமல் திரும்பி வரும் பாட்டுகள்தான் அதிகம்.

கட் ஆன பாட்டிலும் பெரிய பணம் உடனே கொட்டிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி 2006 முதல் 2022 வரை, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட். பத்து லட்சம் பிரதி விற்றால் 91,000 டாலர். மூன்று பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு முப்பதாயிரம் சொச்சம். அதில் பாதியைப் பப்ளிஷர் எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால் கையில் நிற்பது பதினைந்தாயிரம், அதிலும் டிராவைக் கழிக்க வேண்டும். எழுதுகிறவர் காசு பார்ப்பது ரேடியோவில்தான். சிங்கிளாக வந்து, மேலே ஏறி, மாதக்கணக்கில் ஓடினால் வரும் ஒலிபரப்பு ராயல்டி எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும் போகிறது. பாடியவருக்கு அமெரிக்காவின் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். ரேடியோ ஒரு சென்ட்கூடத் தருவதில்லை. சாட்டிலைட், இணைய ரேடியோ தரும், இவை தராது. இதை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேபிள்டன் இந்த அமைப்புக்குள் நன்றாகவே பிழைத்தார். ஜாஷ் டர்னரின் 'யுவர் மேன்' 2006-இல் முதலிடம். கென்னி செஸ்னியின் 'நெவர் வான்டட் நத்திங் மோர்' 2007-இல் ஐந்து வாரம் முதலிடம். டேரியஸ் ரக்கரின் 'கம் பேக் சாங்' 2010-இல் முதலிடம். ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், தாமஸ் ரெட், டிம் மெக்ரா என்று பட்டியல் நீளும். இதில் பாதிக்கு மேல் பளபளப்பான கன்ட்ரி-பாப், ரேடியோவுக்கென்றே அளந்து வெட்டிய மூன்றரை நிமிடப் பாட்டுகள். அந்த அளவு அவருக்குக் கைவந்திருந்தது. எழுத வந்த இடத்தில்தான் மனைவி மார்கனையும் சந்தித்தார். பக்கத்து நிறுவனத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். கேரி அண்டர்வுட் பாடிய 'டோன்ட் ஃபர்கெட் டு ரிமெம்பர் மீ' மார்கனும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதியது.

ஒரு விஷயத்தை மட்டும் ஊருக்குள் எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஸ்டேபிள்டன் தன் டெமோக்களைத் தானே பாடுவார். பெரிய நட்சத்திரங்கள் அவர் குரலைக் கேட்டுத்தான் பாட்டை வாங்கினார்கள், பிறகு அந்தப் பாட்டைத் தங்கள் குரலுக்கு ஏற்ப இறக்கிக்கொண்டார்கள்.

குரலுக்கு இடம் தேடிய வருடங்கள்

பாடும் ஆசை 2013-இல் திடீரென்று முளைத்ததில்லை. ஸ்டீல்டிரைவர்ஸ் என்ற புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் போன்ற வாத்தியங்களோடு வாசிக்கும் கன்ட்ரி வகை) குழுவில் 2010 வரை அவர்தான் முன்னணிப் பாடகர். மைக் ஹெண்டர்சனோடு சேர்ந்து அந்தக் குழுவுக்கு எழுதிய 'இஃப் இட் ஹேட்ன்ட் பீன் ஃபார் லவ்' பாட்டைப் பிற்பாடு பிரிட்டிஷ் பாடகி அடெல் எடுத்துப் பாடினார். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரியிலும் அது உண்டு. அப்புறம் ஜாம்ப்சன் பிரதர்ஸ் என்று ஒரு ராக் குழு, அது அதிகம் போகவில்லை. ஆக, தனிப் பாடகராக அறிமுகமாகும்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அந்தத் துறையில் அது தாமதம்.

காலமும் தோதாக இல்லை. கன்ட்ரி ரேடியோவில் அப்போது டிரக், பியர், ஆற்றங்கரை, ஜீன்ஸ் போட்ட பெண் என்று ஒரே அச்சில் வார்த்த பாட்டுகள் ஓடின. 2013-இல்தான் ஒரு விமர்சகர் அதற்கு 'ப்ரோ-கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். அந்த வரிசைக்கு நடுவில், தாடிக்காரர் ஒருவர் தொண்டை கிழியப் பாடும் மெதுவான பாட்டைச் சொருக நிலையங்களுக்கு மனம் வரவில்லை. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கார் ஓட்டிக்கொண்டு கேட்கிறவர் அடுத்த நிலையத்துக்குத் தாவாமல் இருக்க வேண்டும், அதுதான் அவர்கள் பிழைப்பு. ஸ்டேபிள்டனின் வரிகள் லூக் பிரையனின் மென்மையான குரலில் வந்தபோது யாரும் தாவவில்லை. தடங்கல் குரலில்தான் இருந்தது, பாட்டில் இல்லை.

இதோடு இன்னொரு அடி. 2013 அக்டோபரில் அப்பா இறந்துபோனார். கணவரைக் கொஞ்சம் வெளியே இழுக்க மார்கன் ஒரு பழைய ஜீப் வாங்கினார், 1979 மாடல் செரோக்கி. வண்டி இருந்தது அரிசோனாவின் ஃபீனிக்ஸில். இருவரும் அங்கே பறந்து போய், அதை நாஷ்வில்லுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நியூ மெக்சிகோவில் மனைவி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மனதுக்குள் அவர் எழுதியதுதான் 'டிராவலர்'. பப்ளிஷரின் அறையில் பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதும் பழக்கத்துக்கு வெளியே பிறந்த பாட்டு. யாருக்கு விற்கலாம் என்ற கணக்கே அதில் இல்லை.

ஆல்பம்

கன்ட்ரி பாடகர் ஸ்டர்ஜில் சிம்ப்சனின் பதிவுகள் ஸ்டேபிள்டனுக்குப் பிடித்திருந்தன. அவற்றின் தயாரிப்பாளர் டேவ் காப்பை நேராகத் தேடிப் போனார். அந்தப் பாட்டின் பெயரையே வைத்த 'டிராவலர்' ஆல்பத்தின் பெரும்பகுதி நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ ஏ-யில் பதிவானது. 1960-களில் கட்டிய பெரிய கூடம் அது, 2014-இல் இடிக்கப்போகிறார்கள் என்று ஊரே கொதித்து, கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டது. சின்னக் குழு, ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். வில்லி நெல்சனின் ஹார்மோனிகாக்காரர் மிக்கி ரஃபேல் வந்து வாசித்தார். மார்கன் துணைக்குரல்.

இங்கே ஒரு பாட்டை நெருக்கமாகப் பார்க்கலாம். 'விஸ்கி அண்ட் யூ' ஸ்டேபிள்டனும் லீ தாமஸ் மில்லரும் எழுதியது. 2007-இல் டிம் மெக்ரா தன் ஆல்பத்தில் அதைப் பாடியிருந்தார். முழு வாத்தியக் குழுவோடு, ஒழுங்காக வளர்ந்து முடியும் பதிவு, குறை சொல்ல எதுவுமில்லை. 'டிராவலர்' ஆல்பத்தில் அதே பாட்டுக்கு ஒரு அகூஸ்டிக் கிடாரும் ஒரு குரலும் மட்டும்தான். ஒரு புட்டி விஸ்கியையும் விட்டுப்போன பெண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிற பாட்டு அது. மெக்ராவிடம் அது ஒரு நல்ல உருவகமாகக் கேட்கிறது. ஸ்டேபிள்டனிடம் குரல் உயரும்போது கிடார் பின்வாங்கி நின்றுவிடுகிறது, சொல்கிற ஆளைத் தவிர அறையில் யாருமில்லை. பாட்டு அதேதான். எட்டு வருஷம் இன்னொருவர் ஆல்பத்தில் கிடந்த பாட்டுக்குள் இவ்வளவு இருந்தது என்பதை நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோதுதான் உணர்ந்தேன்.

ஆல்பத்தில் 14 பாட்டு. 12 அவர் எழுதியது, தனியாகவோ கூட்டாகவோ. மீதி இரண்டில் ஒன்று 'டென்னசி விஸ்கி'. டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும் எழுதியது. 1981-இல் டேவிட் ஆலன் கோ பாடினார், 1983-இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிப் பெரிய ஹிட் ஆக்கினார். ஒரு கச்சேரிக்கு முன் ஒலிச்சோதனையில் குழு சும்மா ஒரு மெதுவான சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான இசை வகை) தாளத்தை வாசிக்க, அதன்மேல் ஸ்டேபிள்டன் இந்தப் பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தார். அப்படியே ஒட்டிக்கொண்டது. மொத்தப் பாட்டுக்கும் இரண்டே சுரக்கூட்டு (chord). ஜோன்ஸின் பழைய கன்ட்ரி நடை காணாமல் போய், மெம்பிஸ் பக்கத்து சோல் இசை வந்து உட்கார்ந்தது.

2015 மே 5 அன்று ஆல்பம் வெளியானது. எல்லா வகை ஆல்பங்களுக்குமான பில்போர்ட் 200 பட்டியலில் 14-ஆம் இடம். விமர்சகர்கள் பாராட்டினார்கள், ரேடியோ வழக்கம்போல் இருந்துவிட்டது. சில மாதங்களில் ஆல்பம் பட்டியலைவிட்டே வெளியேறியது. 2013 திரும்ப நடந்தது என்றுதான் அன்றைக்கு யாரும் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 4, 2015

கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது விழா, நாஷ்வில், நேரடி ஒளிபரப்பு. ஸ்டேபிள்டனும் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் ஏற்கெனவே பழக்கமானவர்கள். டிம்பர்லேக் மெம்பிஸ் பக்கத்துப் பையன். இருவரும் சேர்ந்து 'டென்னசி விஸ்கி'யையும், டிம்பர்லேக்கின் 'டிரிங்க் யூ அவே'யையும் ஏறக்குறைய எட்டு நிமிடம் பாடினார்கள். முன்வரிசையில் இருந்த நட்சத்திரங்கள் எழுந்து நின்று கூடவே பாடியதைக் கேமரா காட்டியது. அன்று இரவு ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த புதிய கலைஞர், சிறந்த ஆண் பாடகர் மூன்றும் ஸ்டேபிள்டனுக்கு. ஆண் பாடகர் விருதை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டும் பிளேக் ஷெல்டன்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பட்டியலில் இல்லாமலிருந்த ஆல்பம் நேராக முதலிடத்தில் வந்து நின்றது. ஒரே வாரத்தில் ஒன்றரை லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

வழக்கமான கதை இங்கேதான் சறுக்குகிறது. அந்த விருதுகளுக்கான வாக்குப்பதிவு விழாவுக்கு முன்பே முடிந்துவிடும். எட்டு நிமிடம் பார்த்து யாரும் ஓட்டுப் போடவில்லை. போட்டவர்கள் சங்கத்தின் உறுப்பினர்கள்: பாடல் எழுதுவோர், பப்ளிஷர்கள், வாத்தியக்காரர்கள், தயாரிப்பாளர்கள், நிறுவன ஆட்கள். பதினான்கு வருஷமாக இந்த ஆளோடு கோ-ரைட்டில் உட்கார்ந்தவர்கள், அவர் டெமோவை அலுவலகத்தில் போட்டுப் போட்டுக் கேட்டவர்கள், அவர் பாட்டால் வீட்டுக்கடன் அடைத்தவர்கள். இரண்டு வருஷம் முன்பு, 2013 விழாவில் லூக் பிரையன் 'டிரிங்க் எ பியர்' பாடியபோது பக்கத்தில் துணைக்குரல் கொடுத்ததும் இதே ஸ்டேபிள்டன்தான். அந்த அரங்குக்கு அவர் புதியவரே இல்லை. 'சிறந்த புதிய கலைஞர்' என்ற பட்டம் நாட்டுக்குத்தான் பொருந்தும்.

ஆக, அன்று இரண்டு தனித்தனி விஷயம் நடந்தது. விருதைத் தந்தது நாஷ்வில் ஊர், எழுத்தாளராகச் சேர்த்த மரியாதைக்கு. விற்பனையைத் தந்தது மேடை, ரேடியோ என்ற வடிகட்டியைத் தாண்டி அந்தக் குரல் முதல்முறையாக மக்களுக்கு நேரே போனதற்கு. எழுத்து வருஷங்கள் இல்லாமல் மேடை மட்டும் கிடைத்திருந்தால் ஒரு வாரப் பேச்சாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ராயல்டி வந்துகொண்டிருந்ததால்தான் ரேடியோவை மனதில் வைக்காமல் இப்படி ஒரு ஆல்பம் போடும் தைரியமும் வந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் எழுதிய பாட்டு

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை மற்றவர்களுக்குக் கொடுத்த ஒரு எழுத்தாளரை நாடறியச் செய்தது அவர் எழுதாத பாட்டு.

இது இவரோடு முதல்முறை நடந்ததும் இல்லை. 1961-இல் பாட்ஸி கிளைன் பாடிய 'கிரேஸி'யை எழுதியவர் வில்லி நெல்சன். தானே பாடகராக அவர் முதன்முறை முதலிடம் பிடித்தது 1975-இல், 'புளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' மூலம். அது ஃபிரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டு. இரண்டையும் வைத்து ஒரு விதி செய்துவிட முடியாது. கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் 1973-இல் தன் சொந்தப் பாட்டோடுதான் முதலிடம் போனார். ஆனாலும் ஒரு காரணம் புலப்படுகிறது. தெரிந்த பாட்டு என்றால் கேட்கிறவரின் கவனம் வரிகளில் நிற்காது, நேரே குரலுக்குப் போய்விடும். நெல்சனிடமும் ஸ்டேபிள்டனிடமும் நாடு அதுவரை கவனிக்காமல் விட்டது குரலைத்தான்.

இப்போது ஓரமாக வைத்த விஷயத்துக்கு வரலாம். 'டென்னசி விஸ்கி' ரேடியோ சிங்கிளாக வெளியிடப்படவே இல்லை. இருந்தும் ஒரு கோடி யூனிட்டை (விற்பனையும் இணையத்தில் கேட்பதும் சேர்ந்த கணக்கு) தாண்டி டயமண்ட் சான்றிதழ் வாங்கியது. ஆனால் ஒரு எஃப்.எம். நிலையம் அதைப் போடும்போதெல்லாம் காசு போவது டில்லன், ஹார்க்ரோவ் பக்கத்துக்கு. ஸ்டேபிள்டனுக்கு அந்த ஒலிபரப்பில் ஒன்றுமில்லை. லூக் பிரையன் பாடும் 'டிரிங்க் எ பியர்' ஓடினால்தான் அவருக்கு வரும். பாடகராகப் புகழ் பெற்ற பாட்டில் ரேடியோ அவரைப் பாடகராக மட்டுமே நடத்துகிறது, அதாவது இலவசமாக.

அதன் பிறகு

2016 பிப்ரவரியில் இரண்டு கிராமி. அதே இரவில் அவர் விட்டுவந்த ஸ்டீல்டிரைவர்ஸும் புளூகிராஸ் பிரிவில் கிராமி வாங்கியது ஒரு வேடிக்கை. 2017-இல் 'ஃப்ரம் எ ரூம்' என்று இரண்டு ஆல்பம். புதிதாக உட்கார்ந்து எழுதாமல், பழைய கையிருப்பிலிருந்து எடுத்தவைதான் பெரும்பாலும். லீ ஆன் வோமாக் 2008-இல் பாடிய 'ஈதர் வே' அதில் திரும்ப வந்தது, மறுபடி ஒரு கிடார் மட்டும் வைத்து. மைக் ஹெண்டர்சனோடு எழுதிய 'ப்ரோக்கன் ஹேலோஸ்' 2018-இல் கன்ட்ரி ஏர்ப்ளேயில் முதலிடம் வந்தது. பாடகராக ரேடியோவில் அவருக்கு அதுதான் முதல் முதலிடம், விழா முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் கழித்து. ரேடியோ கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. 2022-இல் முதலிடம் வந்த 'யூ ஷுட் ப்ராபப்ளி லீவ்' பாட்டும் பல வருஷம் முன்பே எழுதி வைத்ததுதான். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண் பாடகர் விருது 2024 வரை எட்டு முறை.

எழுத்தாளர்கள் பொறுமையாக இருந்தால் மேடை தானாக வரும் என்பதற்கு இதை உதாரணம் காட்டுகிறவர்கள் நாஷ்வில்லில் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாடல் எழுதிக்கொண்டே பாட வந்த இன்னொருவர், பிராண்டி கிளார்க்கைப் பாருங்கள். மிராண்டா லாம்பர்ட்டின் 'மாமாஸ் ப்ரோக்கன் ஹார்ட்', த பேண்ட் பெர்ரியின் முதலிடப் பாட்டு 'பெட்டர் டிக் டூ', இரண்டிலும் அவர் கை உண்டு. 2013-இல் வந்த அவருடைய '12 ஸ்டோரீஸ்' ஆல்பத்தை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது. ரேடியோ எடுக்கவில்லை. 'டிராவலர்' வந்த அதே 2015 மே மாதம், பெண்களின் பாட்டை அடுத்தடுத்துப் போடாதீர்கள், அவர்கள் சாலட்டில் தக்காளி மாதிரி என்று ஒரு ரேடியோ ஆலோசகர் வெளிப்படையாகப் பேட்டி கொடுத்தார். ஸ்டேபிள்டனுக்குக் கிடைத்தது போன்ற எட்டு நிமிடம் கிளார்க்குக்குக் கிடைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் அவருக்கு முதல் கிராமி வந்தது, பிராண்டி கார்லைலோடு பாடிய 'டியர் இன்செக்யூரிட்டி' பாட்டுக்கு. கொடுத்தது கன்ட்ரி பிரிவில்கூட இல்லை, நாட்டுப்புற வேர் கொண்ட இசைக்கான அமெரிக்கானா பிரிவில்.